புதிய இலையான் இனமொன்றை விவரிப்பது எப்படி? கொழும்பில் இருந்து தொடங்குபவர்களுக்கு

தியசரு பூங்கா, பெத்தகான, தலங்கம ஏரிக்கரை என்று எங்கே காலையில் நடந்தாலும், இலைகளின் மேல் பச்சை உலோகம் போல் மின்னும் சின்ன இலையான்களைக் காணலாம். மெல்லிய நீண்ட கால்கள், நிழல் பட்டாலே எழும்பிவிடும். டோலிகோபோடிடே குடும்பம். உலகில் இந்தக் குடும்பத்தில் மட்டும் 7,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. அதன் சதுப்பு நிலங்களில் இன்னும் பெயரில்லாத இலையான்கள் இருக்கும் என்று நம்புகிறவன் நான். ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் செய்து பழகிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை அனுமதி. வலையைத் தூக்குவதற்கு முன்பே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். சிங்கராஜ போன்ற காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மரபணு ஆய்வுக்காக ஒரு காலை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்புவதானாலும் அதற்கும் அனுமதி எடுங்கள். வாய்ப் பேச்சு உதவாது, எழுத்தில் வாங்குங்கள். கட்டுரை அனுப்பும்போது சஞ்சிகை அனுமதி இலக்கத்தைக் கேட்கும்.

பிடிப்பது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கூடாரம் போன்ற மலேய்ஸ் பொறி நிறையப் பிடித்துத் தரும், ஆனால் எனக்குக் கைவலைதான் பிடிக்கும். எந்த இலையில், வெயிலிலா நிழலிலா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சிலவற்றை 95 சதவீத எதனோலில் போடுங்கள், சிலவற்றை ஊசியில் ஏற்றுங்கள். எதனோலில் இருந்ததை எடுத்து அப்படியே காயவிட்டால் கண்ணும் வயிறும் சுருங்கிப் போகும். ஊசியை மார்பின் வலப்பக்கமாக ஏற்றினால் இடப்பக்கத்து மயிர்கள் கலையாமல் இருக்கும். நாடு, மாகாணம், இடம், அகலாங்கு நெட்டாங்கு, உயரம், திகதி, பிடித்தவர், பிடித்த முறை எல்லாம் அன்றைக்கே லேபிளில் ஏற வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுங்கள். 4/5 என்று எழுதினால் ஏப்ரலா மே மாதமா என்று யாருக்கும் தெரியாது.

கொழும்பு ஈரப்பதனில் பூஞ்சணம்தான் பெரிய எதிரி. பெட்டி இறுக்கமாக மூட வேண்டும், உள்ளே சிலிக்கா ஜெல் இருக்க வேண்டும். மேசைக் கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

அப்புறம் வருவது வயிற்று நுனி. தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இந்தக் குடும்பத்தில் நிறத்தையும் அளவையும் நம்ப முடியாது. ஆணின் இனப்பெருக்க உறுப்புத்தான் இனத்தைக் காட்டிக் கொடுக்கும். அது வயிற்றின் கீழ் முன்பக்கமாக மடிந்து கிடக்கும். காய்ந்த மாதிரியை ஈரப்பதன் உள்ள மூடிய பெட்டியில் வைத்து இளக்கி, வயிற்றின் பின்பகுதியை மட்டும் நுண்கத்தரியால் வெட்டி எடுங்கள். அதை 10 சதவீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட வேண்டும். சூடாக்கினால் சில நிமிடங்களில் தசை கரைந்துவிடும் என்று வழிகாட்டிகள் சொல்லும். நான் சூடாக்குவதில்லை. கொழும்பின் அறை வெப்பத்தில் ஓர் இரவு வைத்தாலே போதும். சூட்டில் கண்ணை எடுத்தால் மெல்லிய சவ்வுகளும் வெளிறிப் போகும்.

காலையில் கரைசல் கபில நிறமாகியிருக்கும். உறுப்பைத் தண்ணீரில் கழுவி, நீர்த்த அசற்றிக் அமிலத்தில் சற்று வைத்து, பிறகு குழிவில்லையில் விட்ட கிளிசரினுக்கு மாற்றுங்கள். நுணுக்குக்காட்டியின் கீழ் இப்போது எல்லாம் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரியும்: பக்கத்தில் கரண்டி போல வளைந்த செர்க்கஸ் என்ற நுனி உறுப்பு, அதன் விளிம்பில் வரிசையாக நிற்கும் முட்கள், உள்ளே ஊசி போன்ற ஆண்குறி. ஆனால் கிளிசரினில் அது உருண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில் நின்றால் வரைந்த இரண்டு படங்களை ஒப்பிடவே முடியாது. அதற்கு மருந்துக்கடையில் விற்கும் கெட்டியான கை சனிடைசர் ஜெல் நல்ல மருந்து. குமிழி இல்லாத ஒரு துளிக்குள் வைத்தால் சொன்ன கோணத்தில் நிற்கும். நேர்ப் பக்கவாட்டுத் தோற்றத்தை எப்போதும் முதலில் வரையுங்கள். வேலை முடிந்ததும் உறுப்பை கிளிசரின் உள்ள நுண்குப்பியில் போட்டு, அதே இலையானின் ஊசியிலேயே குத்திவிடுங்கள். உடலும் உறுப்பும் பிரிந்தால் அந்த மாதிரியால் பயனில்லை.

சரி, இனி ஒப்பீடு. புதிய இனம் என்று சொல்வது, ஏற்கெனவே பெயருள்ள எதுவும் இதுவல்ல என்று சொல்வதுதான். டெல்ஃபினாடோவும் ஹார்டியும் 1973 முதல் 1977 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட கீழைப் பிரதேச (தெற்கு, தென்கிழக்கு ஆசியா) இலையான் பட்டியலில் தொடங்கி, அதற்குப் பின் வந்த கட்டுரைகளையும் சேருங்கள். இலங்கைப் பெயர்களோடு நிறுத்த வேண்டாம், தென்னிந்தியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கு பெக்கர் 1922இல் ஜேர்மன் மொழியில் எழுதிய நூலைத் தாண்ட முடியாது. மொழி தெரியாவிட்டாலும் படங்களும் இனத்தைக் கண்டறியும் திறவுகோல்களும் கைகொடுக்கும். பழைய நூல்கள் பல பல்லுயிர் மரபு நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

19ஆம் நூற்றாண்டு விவரணைகள் பல நாலு வரிதான். அவற்றை வைத்து முடிவெடுக்காமல் வகைமாதிரியை, அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாக எடுத்த மாதிரியை, பாருங்கள். இலங்கையில் பிடித்த இலையான்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் வாஷிங்டன் ஸ்மித்சோனியனிலும் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. பொறுப்பாளருக்கு எழுதி, எந்தப் பாகத்தின் படம் எந்தக் கோணத்தில் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள்.

இந்தப் படியில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு நம் ஊர்ச் சம்பந்தம் உள்ள உதாரணம் ஒன்று. 2003இல் கென்யாவில் ஒரு பழ ஈ மாம்பழங்களைத் தாக்கத் தொடங்கியது. 2005இல் அதற்கு பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று பெயரிட்டார்கள். இலங்கையில் பிடித்த மாதிரிகளும் அதோடு பொருந்தின. பிறகு உருவம், மரபணு, இனச்சேர்க்கை எல்லாவற்றையும் சோதித்து, 1912இல் ஹென்டெல் பெயரிட்ட பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ்தான் இது என்று 2015இல் முடிவானது. தேர்ந்த நிபுணர்களுக்கே இப்படி நேரும். அதனால் ஒற்றை மாதிரியை வைத்து அவசரப்பட வேண்டாம், ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றையாவது சேருங்கள். ஒரு காலை எடுத்து சிஓஐ மரபணுப் பட்டைக்கும் (இனத்தை அடையாளம் காண வாசிக்கும் டிஎன்ஏ துண்டு) கொடுங்கள். அது 658 எழுத்து நீளம், உருவ ஒப்பீட்டுக்குத் துணை மட்டும்தான்.

எழுதும்போது மிகக் கவனம் தேவைப்படுவது வேறுபாட்டுக் குறிப்பு. நெருங்கிய இனத்தின் பெயரைச் சொல்லுங்கள். எந்த உறுப்பில் எப்படி வேறுபடுகிறது என்று சொற்களில் எழுதியே ஆக வேண்டும், விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிக்கோவை அப்படித்தான் கேட்கிறது. 1999க்குப் பிறகு வரும் பெயர்களுக்கு ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை வகைமாதிரி) எது, எந்தச் சேகரத்தில் இருக்கிறது அல்லது இருக்கப் போகிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். என் விருப்பம் கொழும்பு தேசிய நூதனசாலை. இங்கே பிடித்ததன் ஹோலோடைப் இங்கேயே இருந்தால் நம் மாணவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். அதற்குச் சிவப்பு லேபிள் குத்துவது வழக்கம். கோட்டுப் படங்களுக்கு இங்க்ஸ்கேப் போதும், பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம்.

பெயரில் இலக்கணம் பாருங்கள். கொண்டிலோஸ்டைலஸ் என்ற சாதிப் பெயர் (இனப் பெயரின் முதற்சொல்) ஆண்பால், அதனால் ஊர்ப் பெயரோடு ‘என்சிஸ்’ வரும். கிரிசோசோமா ஆண்பாலும் அல்ல பெண்பாலும் அல்ல, அஃறிணை போன்ற மூன்றாம் பால், அதற்கு ‘என்ஸே’ வரும். கடைசியில் எப்படி முடிகிறது என்பதை வைத்துப் பால் சொல்லாமல், சாதிப் பெயரை முதலில் வைத்தவர் என்ன எழுதினார் என்று பாருங்கள்.

இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகையானால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு கட்டாயம். 2012 முதல் இந்த விதி. பதிவு செய்ததற்கான சான்றும் வெளியீட்டுத் திகதியும் கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. இறுதிப் படி வந்ததும் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

பின்சேர்ப்பு: கைபேசியில் எடுத்த நல்ல படத்தை மட்டும் வைத்து விவரிக்கலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள். விதி தடுக்கவில்லை. 2015இல் தென்னாபிரிக்காவில் மார்லேயிமியா சைலோகோபே என்ற இலையானுக்குப் படங்களை வைத்தே பெயரிட்டார்கள். அதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. மாதிரியைப் பாதுகாக்க முடியாமல் போனால் காரணம் எழுத வேண்டும் என்ற பரிந்துரையை 2017இல் விதிக்கோவையில் சேர்த்தார்கள். டோலிகோபோடிடேயில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். படத்தில் பச்சை மினுக்கம் தெரியும், செர்க்கஸின் முட்கள் தெரியாது. பெத்தகானவில் அழகாகப் படம் எடுத்திருந்தால் இடத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள், அனுமதி கிடைத்ததும் அதே இலைக்குத் திரும்பிப் போகலாம்.