லுவார் ஆற்றோரம் சைக்கிள் பயணமா? கடல் பக்கமிருந்து தொடங்குங்கள்

பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் ஆறு ஓடும் திசையில் போகாதீர்கள். நாந்த் நகரில் தொடங்கி, ஆற்றுக்கு எதிராக ஓர்லேயான் நோக்கி மிதியுங்கள்.

அங்கே பெரும்பாலும் அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்றுதான் வீசும். சோமூர், அம்புவாஸ் வழியெல்லாம் அது முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். கரைமேல் போகும் பாதையில் பல இடங்களில் மறைப்பே இல்லை. எதிர்காற்றில் மாட்டினால் சமவெளியிலும் தொடை கடுக்கும். ஏற்றமாச்சே என்று பயப்பட வேண்டாம். ஓர்லேயான் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர்தான் உயரம், அதுவும் 300 கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. மேட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும்.

வடகிழக்குக் காற்று வீசும் நாட்களும் உண்டு, அப்போது திசையை மாற்றிக்கொள்ளுங்கள். தென்கிழக்கு பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு எதிராகப் போவது சரிவராது: மிஸ்ட்ரால் என்ற பலத்த காற்று வடக்கிலிருந்து வருவதால் அங்கே தெற்கு நோக்கித்தான் போக வேண்டும்.