லெமூரியா கட்டுரையை நம்புவதற்கு முன்

கடலில் மூழ்கிய தமிழர் நிலம் என்று சொல்லப்படும் குமரிக்கண்டம் பற்றி, அதுதான் லெமூரியா என்று ஏதாவது தளத்தில் படிக்கிறீர்களா? முதலில் அதில் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கின் வகைகளுடைய தடயம் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருக்கிறதே, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்குமோ என்று 1864-ல் ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தவர் அவர்தான். தமிழர் பேச்சே அதில் இல்லை. கண்டங்களே நகர்கின்றன என்று 1960-களில் உறுதியானதும் அந்த ஊகத்துக்கு வேலையில்லாமல் போனது. கட்டுரை இதில் ஸ்கிளேட்டரின் ஊகத்தை மட்டும் சொல்லி "வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்" என்று முடித்தால், சரி, மூடிவிடலாம். அப்புறம், சந்தேகமான ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். அதே வரி அதே எழுத்துப்பிழையோடு பத்துத் தளங்களில் வந்தால் அது பத்து ஆதாரம் இல்லை, ஒன்றுதான். பஃறுளி ஆற்றைக் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வது உண்மை. ஆனால் இந்தத் தளங்கள் காட்டும், ஆஸ்திரேலியா வரை நீளும் வரைபடம் அதில் கிடையாது.