பட்டாளத்துல இருந்த தாத்தா கிட்ட போர்க்கதை கேக்கணும்னா

பாகிஸ்தானோட நடந்த 71 போர்ல 20 வயசு பையனா இருந்தவங்களுக்கே இப்போ 75க்கு பக்கத்துல ஆச்சு, அதுக்கு முந்தின 65 போர்ல சண்டை போட்டவங்க எல்லாம் 80 தாண்டிட்டாங்க. அதனால அடுத்த லீவுக்கு ஊருக்கு போறப்போ பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்னா தெருவுக்கு நாலு எக்ஸ் மிலிட்டரி இருப்பாங்க, மத்த ஊர்லயும் விசாரிச்சா ஒருத்தராவது கிடைப்பார்.

"எத்தனை பேரை சுட்டீங்க தாத்தா"ன்னு மட்டும் கேக்கவே கேக்காதீங்க. சின்னப் பசங்களை கூட்டிட்டுப் போனா அவங்க கிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க, அந்த ஒரு கேள்வியோட பேச்சே நின்னு போயிடும். சண்டையில இருந்து ஆரம்பிக்கவே வேணாம். ஆள் எடுத்தப்போ யார் கூட போனீங்க, வீட்ல சொல்லிட்டு போனீங்களா, நீலகிரி வெலிங்டன்ல டிரெய்னிங் அப்போ அந்த குளிரை எப்படி தாங்கினீங்க, இந்தி எப்படி புடிபட்டுச்சு, லங்கர்ல, அதான் பட்டாளத்து சமையல்கூடத்துல, சோறு போடுவாங்களா சப்பாத்தியா, இப்படி கேட்டுப் பாருங்க. சாப்பாட்டுல ஆரம்பிச்சவர் தானாவே பார்டருக்கு போயிடுவார், நாம இழுக்கவே வேணாம்.

மெடல் இருந்தா எடுத்துக் காட்டச் சொல்லுங்க. பூர்வி ஸ்டார்னா 71ல கிழக்குப் பக்கம், பஸ்சிமி ஸ்டார்னா மேற்குப் பக்கம், சமர் சேவா ஸ்டார்னா 65. எந்தப் பக்கம் இருந்தார்னு தெரிஞ்சா கேள்வியும் சரியா வரும், மேற்குல பசந்தர் ஆத்துப் பக்கம் 16 மெட்ராஸ் பட்டாலியன்ல இருந்தவர் கிட்ட போய் கிழக்குல இருக்கிற டாக்கா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா பாவம் என்ன சொல்லுவார், அவர் பாத்தது கண்ணிவெடி புதைச்ச வயலும் டாங்கியும்தான்.

தேதி, இடம் தப்பா சொன்னா ஃபோனை எடுத்து கூகுள்ல பாத்து திருத்தாதீங்க. 71 டிசம்பர் 16, பாகிஸ்தான் தரப்புல 93,000 பேர் சரணடைஞ்சாங்க, இதெல்லாம் எந்த புக்லயும் கிடைக்கும். அன்னிக்கு ராத்திரி அவர் டிரெஞ்சுல பக்கத்துல யார் படுத்திருந்தான்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிட்டே வந்து சட்டுனு நிறுத்திட்டா நீங்களும் சும்மா இருங்க, உடனே அடுத்த கேள்விக்கு தாவாதீங்க. பீரங்கி யூனிட்ல இருந்தவங்களுக்கு காது மந்தமா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு, எந்தப் பக்கம் நல்லா கேக்கும்னு கேட்டு அந்தப் பக்கமா உக்காருங்க.

87ல இருந்து 90 வரைக்கும் இலங்கையில அமைதிப்படையில இருந்தவர்னா இன்னும் நிதானம் வேணும். தமிழ் பேசுற சனங்க நடுவுல துப்பாக்கியோட நின்ன தமிழர் அவர், திரும்பி வந்தப்போ வரவேற்க முதல்வர் கருணாநிதியே போகல. அவரா சொன்னா கேளுங்க, அரசியல் வாதம் மட்டும் அங்க வேணாம்.

ரெகார்ட் பண்றதா இருந்தா முதல்லயே கேட்டுட்டு, ஃபேனை நிறுத்திட்டு, ஃபோனை அவர் பக்கத்துல வைங்க. ஒரு மணி நேரம் போதும், களைப்பு தெரிஞ்சா இன்னொரு நாள் போங்க. செத்துப்போன கூட்டாளி பேரு, ஊரு சொன்னார்னா எழுத்து பிசகாம எழுதி அவர் கிட்டயே படிச்சுக் காட்டுங்க.

அப்புறம் பாட்டி இருந்தா அவங்க கிட்டயும் கேளுங்க, 56 ஏபிஓன்னு பட்டாளத்து தபால் விலாசம் போட்டு எழுதின லெட்டர், மணி ஆர்டர், தந்தி வந்தாலே நெஞ்சு அடிச்சுக்கிட்டது எல்லாம் அவங்க கிட்டதான் இருக்கும். தனியா கேளுங்க, அவர் பக்கத்துல இருந்தா பாதிய சொல்ல மாட்டாங்க.