சிறுவர்களை வைத்து மதுக்கடைச் சோதனை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மது வாங்கும் வயதை எட்டாத ஒரு பிள்ளையைக் கடைக்குள் அனுப்பி, கல்லாவில் இருப்பவர் வயதைக் கேட்கிறாரா, கேட்காமலே விற்றுவிடுகிறாரா என்று பார்ப்பதுதான் சோதனைக் கொள்முதல். அமெரிக்கா, இங்கிலாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இது பல வருடங்களாக நடக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வரும் குழுக்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் வழுக்கிய அதே இடங்களில்தான் இப்போது வருகிறவர்களும் வழுக்குகிறார்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது, பிள்ளையின் பார்வை எட்டும் தூரத்தில் அதிகாரி ஒருவர் இருப்பது போன்றவற்றை யாரும் மறப்பதில்லை. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

பெரியவராகத் தெரியும் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தவிர்க்க எளிதானது, ஆனால் நடந்துவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.

எப்படி நடக்கிறது என்றால், தன்னார்வலர்களாக நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் ஒருவன் உயரமாக, தைரியமாக, பதறாமல் பேசுவான். "இவன் சமாளிப்பான்" என்று குழு அவனையே எடுத்துக்கொள்ளும். பயந்த பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது சரிதான். ஆனால் அந்தத் தைரியமும் உயரமும்தான் கல்லாவில் இருப்பவர் கண்ணுக்கு வயதைக் கூட்டிக் காட்டும்.

நான் பயிற்சி கொடுக்கப் போன ஒரு குழு, அப்படித்தான் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அனுப்பியிருந்தது. மீசை நன்றாக அரும்பியிருந்தது. பகுதி நேர வேலையிலிருந்து நேராக வந்ததால் அந்த வேலைச் சீருடையோடே கடைக்குள் போயிருக்கிறான். போன கடைகளில் பெரும்பாலானவை விற்றுவிட்டன. குழுவுக்கு ஒரே சந்தோஷம். விசாரணை வந்தபோது மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் பையன் இன்னும் ஒரு கை உயரம் வளர்ந்திருந்தான், குரலும் கனத்துவிட்டது. விசாரணை அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சோதனை நடந்த அன்று எடுத்த படம் எங்கே?" என்று கேட்டார். குழு கொடுத்தது அவனுடைய பழைய பள்ளிப் படம். வழக்கு அத்தோடு முடிந்தது. வயதைக் கேட்காமல் விற்ற கடைக்காரர்கள் எந்தத் தண்டனையும் இல்லாமல் போனார்கள்.

இது வழக்கோடு நிற்கிற நஷ்டம் இல்லை. அப்படிப்பட்ட பையனுக்கு விற்ற கடை, நிஜமாகவே சின்னப் பிள்ளை மாதிரி தெரிகிறவர்களுக்கும் விற்கிறதா? அந்தச் சோதனையிலிருந்து அதைச் சொல்ல முடியாது. கவனமாக வேலை பார்க்கிற கடைக்காரர்கூட "ஏமாற்றிப் பிடித்தார்கள்" என்று நினைப்பார், அவர் நினைப்பது நியாயமாகவும் இருக்கும். அதற்கப்புறம் நீங்கள் நடத்தும் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அவர் வரமாட்டார்.

கலிபோர்னியா இதற்கு எழுத்திலேயே விதி வைத்திருக்கிறது. சிறுவர்களை அனுப்பிச் சோதிப்பது சட்டவிரோதப் பொறி, அதாவது குற்றம் செய்யத் தூண்டிவிட்டுப் பிடிப்பது, ஆகாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதோடு எல்லாம் செல்லும் என்று ஆகிவிடவில்லை. அங்கே மது வாங்கும் வயது 21. மதுபானக் கட்டுப்பாட்டுத் துறையின் 141ஆம் விதிப்படி, அனுப்பப்படுபவருக்கு 20 வயதுகூட ஆகியிருக்கக் கூடாது. அதோடு, விற்பவர் பார்த்த அந்தச் சூழலில் அவர் 21க்குக் குறைந்தவராகத் தோன்ற வேண்டும். உண்மை வயது ஒன்று, தோற்றம் ஒன்று, இரண்டும் தனித்தனிக் கேள்விகள். புதியவர்கள் பிறந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் தோற்றத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்? தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையின் படத்தை, அவர் வயது தெரியாத சிலரிடம் காட்டி என்ன வயது இருக்கும் என்று கேளுங்கள். குழுவில் இருப்பவர்களைக் கேட்காதீர்கள், அவர்களுக்கு விடை தெரியும். அனுப்பும் நாளில் முகச்சவரம் செய்யச் சொல்லுங்கள், முகப்பூச்சு வேண்டாம், வேலைச் சீருடை வேண்டாம். கடைக்குள் போகும் முன், அதே உடையில், முகமும் முழு உருவமும் தெரிய நாள், நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். மாதங்கள் கழித்து உங்கள் பக்கம் பேசப்போவது அந்தப் படம்தான்.

எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. பன்னிரண்டு வயது மாதிரித் தெரிகிற பிள்ளையைத் தேடிப் பிடித்து அனுப்பினால் எந்தக் கடையும் விற்காது, ஊரே சுத்தம் என்று அறிக்கை எழுதிவிடுவீர்கள். அந்த வயதுப் பிள்ளைகள் பொதுவாக எப்படி இருப்பார்களோ, அப்படி இருப்பவர்தான் தேவை.

இன்னொன்றும் உண்டு. ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் பழக்கம் வந்துவிடும். நேராகப் போய்ப் பாட்டிலை எடுத்து, காசை நீட்டி, நிமிர்ந்து நிற்பார். அந்த நிமிர்வே வயதைக் கூட்டும். அனுபவசாலியைவிட, சொன்னதைச் சொன்னபடி செய்கிற புதியவர் மேல்.

பொய் சொல்ல வைப்பது

வேண்டாம். வயது கேட்டால் உண்மை வயது, அடையாள அட்டை கேட்டால் சொந்த அட்டை.

கலிபோர்னியாவின் விதியும் இதைத்தான் சொல்கிறது. அங்கே 21 வயது ஆகாதவர்களின் ஓட்டுநர் உரிமத்தை நெட்டுவாக்கில் அச்சிட்டு, எந்த ஆண்டில் 21 ஆகிறது என்பதையும் அதிலேயே போட்டிருப்பார்கள். அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டும் ஒருவர் விற்றால், அதைவிட வலுவான சாட்சி உங்களுக்கு வேண்டாம். பொய் கலந்தால் அது கிடைக்காது.

சட்டப் பின்னணி இல்லாமல் இறங்குவது

நல்ல நோக்கத்தோடு தொண்டு அமைப்புகள் செய்யும் தவறு இது. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தில் 149ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். 18 வயது ஆகாதவர் மது வாங்குவதே குற்றம். காவலரோ, கடைகளைக் கண்காணிக்கும் எடை அளவு ஆய்வாளரோ தம் கடமையின் பேரில் கேட்டு அனுப்பியிருந்தால் மட்டும் விலக்கு. அதிகாரி இல்லாமல் நீங்களாக அனுப்பினால் குற்றம் செய்தவர் உங்கள் தன்னார்வலர். சுவிட்சர்லாந்தில் 2012இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், இத்தகைய மதுச் சோதனையில் கிடைத்த ஆதாரத்தைப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்று குற்ற வழக்கில் ஏற்கவில்லை.

தண்டனை நோக்கமில்லாமல் கடைக்காரர்களின் பழக்கத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், சட்ட வயதைத் தாண்டிய, ஆனால் இளமையாகத் தெரிகிறவரை அனுப்புங்கள். இங்கிலாந்தில் பல கடைகள், 25 வயதுக்குக் குறைந்தவராகத் தெரிந்தால் அட்டை கேட்பது என்று தங்களுக்கே விதி வைத்திருக்கின்றன. அதை இப்படிச் சோதிக்கலாம். யாரும் குற்றம் செய்ய வேண்டியதில்லை.

விற்றவரை அங்கேயே அடையாளம் காட்டாமல் வருவது

பாட்டில் கைக்கு வந்ததும் குழு பரபரப்பில் வெளியே வந்துவிடும். கல்லாவில் இரண்டு பேர் இருந்தார்களே, விற்றது யார்? கலிபோர்னியாவின் 141ஆம் விதிப்படி, நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் அதிகாரி பிள்ளையோடு உள்ளே போய், விற்றவரை நேருக்கு நேர் அடையாளம் காட்ட வைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். 1998இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு உணவகத்தின் வழக்கில் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த விதி இல்லாத இடங்களிலும் இதைச் செய்யுங்கள்.

தெரிந்த கடை

பிள்ளை வழக்கமாகப் போகும் கடையா? பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அலுவலக நேரத்தில் மட்டும் சோதிப்பது

பிள்ளைகள் மது வாங்கப் பார்ப்பது வெள்ளி இரவும் சனி இரவும். செவ்வாய் மதியம் சோதித்தால் முதலாளியே கல்லாவில் இருப்பார். இரவில் இருப்பது வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆன பையன்.

முடிந்ததும் பிள்ளையை மறந்துவிடுவது

ஒரு முறை வண்டியில் திரும்பும்போது, பின் இருக்கையில் இருந்த பெண் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "சார், அந்த அக்காவுக்கு வேலை போயிடுமா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த புதிய அதிகாரி, "அது உன் கவலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அது அவள் கவலைதான். தன் கையால் காசு கொடுத்து வாங்கியவள் அவள். அந்த அக்காவுக்கு என்னென்ன நடக்கலாம், எதை யார் முடிவு செய்வார்கள், விசாரணைக்கு இவளைக் கூப்பிடுவார்களா என்பதையெல்லாம் போகும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். திரும்பிய பிறகும் உட்கார்ந்து பேச வேண்டும். இனி வரமாட்டேன் என்று சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும்.

மறுத்த கடைகளுக்கு எதுவும் சொல்லாமல் விடுவது

விற்ற கடைக்கு நோட்டீஸ் அன்றே போகும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அட்டை கேட்டு, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் விற்க மறுத்த ஊழியருக்கு ஒரு வரிகூடப் போகாது. அது சோதனை என்பதே அவருக்குத் தெரியாது. அந்த வாரத்துக்குள் கடையின் பெயருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன கேட்டு மறுத்தார்கள் என்பதை எழுதுங்கள். பிள்ளையைப் பற்றிய விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அன்றைய சோதனை எல்லாக் கடைகளிலும் முடிந்த பிறகே அனுப்புங்கள், இல்லாவிட்டால் செய்தி பக்கத்துக் கடைக்கு முன்கூட்டியே போய்விடும்.