விலை உயர்ந்த உணவகத்தில் பண்டிகை விருந்து: எங்கே தப்பு நடக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆண்டின் கடைசி நாள், சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், தீபாவளி மாலை. சிங்கப்பூரில் குடும்பத்தோடு பெரிய உணவகத்துக்குப் போய், முகம் வாடித் திரும்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்த நாட்களில்தான் போயிருப்பார்கள். அந்த ஏமாற்றத்தில் பாதி, முன்பதிவு செய்தபோதே முடிவாகிவிடுகிறது.

விசேஷ நாள் அன்றேதான் போயாக வேண்டும் என்று நிற்பதுதான் பெரிய தவறு. அந்த இரவில் பல உணவகங்களில் வழக்கமான மெனு இருக்காது. நான்கைந்து வகை கொண்ட செட் மெனு ஒன்றுதான், அதுவும் கூடுதல் விலையில். எல்லா மேசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தட்டு போக வேண்டும் என்பதால், முன்கூட்டியே தயார் செய்து வைக்கக்கூடிய பதார்த்தங்களாகப் பார்த்துத்தான் மெனு போடுவார்கள். எந்தச் சமையலுக்காக அந்த இடம் பேர் வாங்கியதோ அது அன்றைக்கு உங்கள் தட்டுக்கு வராமலே போகலாம். போதாக்குறைக்கு இரண்டு பந்தி: ஆறு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. ஆறு மணிப் பந்திக்கு நம் ஆட்கள் ஆறே முக்காலுக்கு வந்து, படம் எடுத்து, உட்காருவதற்குள் ஏழு. இனிப்பு வரும்போதே அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நிற்பார்கள்.

நாலு நாள் தள்ளிப் போங்கள். அதே உணவகத்தில் சாதாரண வார நாள் மதியம் சாப்பிட்டால் விலையும் குறைவு, சமையற்காரருக்கும் உங்கள் தட்டைக் கவனிக்க நேரம் இருக்கும். அன்றேதான் போக வேண்டும் என்றால் இரண்டாம் பந்தியைக் கேளுங்கள். மெனுவை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். டெபாசிட் கட்டும் முன், வர முடியாமல் போனால் தலைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, விலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகள். ஒன்று சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. இன்னொன்று பொருள் சேவை வரி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் சேர்த்தே போடப்படும். தலைக்கு 128 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பார்த்து ஆறு பேர் போகிறீர்கள் என்று வையுங்கள். 768 ஆகிறது. சேவைக் கட்டணம் 76.80 சேர்ந்தால் 844.80. அதன்மேல் வரி 76.03. பில் 920.83. இதில் இன்னும் தண்ணீர்கூட வாங்கவில்லை. விலையைப் பார்த்ததுமே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். சீன உணவகங்களில் மேசையில் தானாக வந்து உட்காரும் வேர்க்கடலை, ஊறுகாய், ஈரத் துண்டு, தேநீர் ஆகியவற்றுக்கும் பல இடங்களில் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே எடுத்துப் போகச் சொல்லிவிடுங்கள்.

நண்டு, இறால், மீன் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 2023இல் இங்கே சாப்பிட வந்த ஜப்பானியப் பயணி ஒருவர் அலாஸ்கா ராஜநண்டுக்கு 938 வெள்ளி பில் வந்ததைப் பார்த்துப் போலீசைக் கூப்பிட்டது செய்தியானது. மெனுவில் இருந்தது 100 கிராம் விலை, வந்த நண்டோ சுமார் மூன்றரைக் கிலோ. விலையைச் சொல்லும்போது எதற்கு விலை, கிராமுக்கா முழு நண்டுக்கா என்று கேளுங்கள். சமைக்கும் முன் எடை போட்டு, மொத்தம் எவ்வளவு என்று சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது சைவம் சாப்பிடும் பெரியவர்கள் படும் பாடு. போய் உட்கார்ந்த பிறகு "அம்மா சைவம்" என்று சொன்னால், செட் மெனுவில் இருந்து கறியை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் உருளைக்கிழங்கு மசியலையும் நாலு பீன்ஸையும் அதே விலைக்கு வைப்பார்கள். எல்லாரும் சாப்பிட, அவர் மட்டும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், அதுவும் விவரமாக: முட்டை ஆகுமா, கோழி வேகவைத்த சாறு கலந்த சூப் ஆகாது, சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் ஆகாது, இனிப்பில் விலங்குகளின் எலும்பு, தோலில் இருந்து எடுக்கும் ஜெலட்டின் கூடாது, பூண்டு வெங்காயம் சாப்பிடுவாரா என்று. 'வெஜிடேரியன்' என்று ஒற்றைச் சொல்லில் விட்டால் காளான் மேல் ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றி வரும். சமையற்காரரிடம் இரண்டு நாள் முன்பே விவரம் போயிருந்தால் சைவம் சாப்பிடுகிறவருக்கென்று தனியாக ஏதாவது செய்ய வாய்ப்பு உண்டு. முஸ்லிம் உறவினர், நண்பர் வருகிறார்கள் என்றால் 'பன்றி இறைச்சி இல்லை' என்ற அறிவிப்பை நம்பி அழைத்துப் போகாதீர்கள். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மேசையில் வாயைத் திறக்காமல் இருப்பது. ஆறிப்போன சூப்பைக் குடித்துவிட்டு, "எல்லாம் ஓகேயா?" என்று கேட்கும் பணியாளரிடம் தலையாட்டிவிட்டு, டாக்சியில் ஏறியதும் குறை சொல்ல ஆரம்பிக்கிறோம். இது யாருக்கும் உதவாது. முதல் இரண்டு வாய்க்குள் சொல்லுங்கள்: "இது சூடாக இல்லை, மாற்றித் தருவீர்களா?" பாதித் தட்டு காலியான பிறகு கேட்டால் அவர்களும் என்ன செய்வார்கள்? பணியாளரால் முடியவில்லை என்றால் மேலாளரை வரச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். அந்த இரவில் ஓடி ஓடிப் பரிமாறும் பிள்ளை சமைக்கவும் இல்லை, விலை வைக்கவும் இல்லை. மோசமாக நடந்த விருந்துக்குச் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்லியும் மேலாளரிடம் கேட்கலாம். அது அரசாங்க வரி அல்ல, உணவகமே வைப்பது.

காசு கட்டும் முன் பில்லை வரிவரியாகப் படியுங்கள். வாங்காத பொருளுக்கோ சொன்னதைவிட அதிகமாகவோ காசு பிடித்து, கேட்டும் திருத்த மறுத்தால், ரசீதோடும் மெனுவின் படத்தோடும் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.