பழைய கரி ஸ்திரிக்கைப் பெட்டி: கிலோக் கணக்கில் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் கரி ஸ்திரிக்கைப் பெட்டி அவ்வளவு பழங்காலத்துச் சாமான் இல்லை. 1990இல் மின்சாரம் நின்ற பிறகு, சிரட்டைக்கரி போட்டுப் பள்ளிக்கூடச் சட்டையை அழுத்தியவர்கள் இன்னும் நடுவயதுக்காரர்தான். அதனாலேயே பலருக்கு அது வெறும் பழசு. பழைய இரும்பு எடுப்பவர் படலையடிக்கு வந்தால் தராசில் வைத்துவிடுகிறார்கள். இப்போது அதே பெட்டியை விடுதி நடத்துபவர்களும், விடுமுறைக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரரும் அலங்காரத்துக்கென்று தேடி வாங்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் இப்படிப் பாருங்கள்.

முதலில் காந்தம்

பித்தளையில் காந்தம் ஒட்டாது. பக்கச்சுவர், மூடி, அடித்தட்டு என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள். பிணைச்சல் கம்பியிலும் உள்ளே இருக்கும் கரித்தட்டிலும் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அவை இரும்பாக இருப்பது வழக்கம். பித்தளை போலத் தெரியும் உடம்பிலேயே ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. வார்ப்பிரும்புப் பெட்டிக்கும் ஆள் உண்டு, ஆனால் பித்தளைக்குத்தான் விலை.

பிறகு புகையும் தேய்மானமும்

இதற்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். பழையது போலச் செய்த புதுப் பெட்டிகள் சந்தையில் நிறைய. உண்மையில் பாவித்த பெட்டி ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. காற்றுத் துளைகளின் உள்விளிம்பு கறுத்திருக்கும். மரப்பிடியின் அடிப்பக்கம் சூட்டில் கருகி, மேற்பக்கம் கைபட்டு வழவழப்பாக இருக்கும். அடித்தட்டின் கூர்முனை மழுங்கியிருக்கும். பிணைச்சல் கொஞ்சம் ஆடும். எல்லா இடமும் ஒரே அளவு பச்சைக் களிம்பு என்றால் அசிட் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நட்சத்திரத் தலை ஆணி, அதாவது ஸ்டார் ஸ்குரூ, 1930களில் சந்தைக்கு வந்தது. அது இருந்தால் பெட்டி பிந்தியது, அல்லது பிடி மாற்றப்பட்டது. உடம்பில் 5, 6, 7 என்று வார்த்திருந்தால் அதை ஆண்டோடு சேர்த்துக் கணக்குப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அது அளவு எண்.

பாகங்கள்

மூடியைப் பூட்டும் சேவல் (சேவல் உருவத்தில் இருக்கும் கொளுக்கி), கரித்தட்டு, மரப்பிடி மூன்றும் பழையதாக இருக்க வேண்டும். சேவல் இல்லாத பெட்டிக்கு மதிப்பு நன்றாகவே இறங்கும்.

கழுவுவது

பழப்புளியும் தேசிக்காயும் குத்துவிளக்கோடு நிற்கட்டும். புளிப்பு ஏறினால் ஆண்டுக்கணக்காகப் படிந்த நிறம் போய்விடும், சில இடம் செம்பு போலச் சிவந்தும் போகும். மெசினில் மினுக்குவது அதைவிட மோசம். சாம்பலைத் தட்டி, இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் விட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து, உடனே துடைத்துக் காயவிடுங்கள். பிடிக்குத் தேன்மெழுகு மெல்லியதாகப் பூசினால் போதும். சரி, எரியுதா என்று பார்க்க ஆசை வந்தால் முற்றத்தில் மட்டும். மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும்.

விலை

அன்றைய பித்தளைக் கிலோ விலையைக் கேட்டு, பெட்டியின் நிறையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே கொடுப்பது நட்டம். அதற்கு மேலே எவ்வளவு என்பதை மேலே சொன்னவைதான் தீர்மானிக்கும். படம் எடுக்கும்போது அடித்தட்டையும் உட்புறத்தையும் சேர்த்து எடுங்கள். விசயம் தெரிந்தவர் அதைத்தான் கேட்பார்.

வாங்குபவர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னால், இலங்கையில் பழம்பொருட்களை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. காசு கைமாறுமுன் தொல்லியல் திணைக்களத்தில் ஒருக்கா விசாரிக்கச் சொல்லுங்கள்.