புதிய கொரோனா திரிபை ஆன்டிபாடிக்கு எதிரே நிறுத்திப் பார்ப்பது எப்படி

முதலில், வைரஸ் செல்லைப் பிடிக்க உதவும் ஸ்பைக் புரதத்தின் மரபணு வரிசையைப் பாருங்கள். புரதத்தின் 484ஆம் அமினோ அமிலம் மாறியிருந்தால் உஷார். அங்கே குளுட்டமிக் அமிலம் போய் லைசின் வந்ததே பாம்லனிவிமாப் என்ற ஒற்றை ஆன்டிபாடி மருந்தை முடக்கப் போதுமானதாக இருந்தது. அதைத் தனியாகக் கொடுப்பதற்கான அவசர அனுமதியை அமெரிக்கா 2021 ஏப்ரலில் திரும்பப் பெற்றது.

அடுத்து, தடுப்பூசி போட்டவர்களின் சீரத்தை (ஆன்டிபாடிகள் உள்ள இரத்தத் தெளிநீரை) 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து சோதனையைக் குழப்பக்கூடிய காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களைச் செயலிழக்கச் செய்யுங்கள். 1:20இல் தொடங்கி, படிக்கு மூன்று மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள். திரிபின் ஸ்பைக்கைச் சுமக்கும், ஒளி உண்டாக்கும் லூசிபெரேஸ் மரபணு ஏற்றிய போலி வைரஸுடன் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகு, வைரஸ் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பி உள்ள செல்கள்மேல் விடுங்கள். 48 முதல் 72 மணி நேரம் கழித்து ஒளியை அளக்கலாம்; ஒளி குறைந்தால் தொற்று குறைவு. தொற்றைப் பாதியாக்கும் நீர்ப்புதான் நமக்கு வேண்டிய எண்.

பழைய வூஹான் வகையையும் அதே நாளில், அதே தட்டில் ஓட்டியே ஆக வேண்டும். வைரஸைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் எண் தானாகச் சரியும். பழி திரிபின்மேல் விழும். நிஜ வைரஸை வீரோ இ6 என்ற குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்த்தால், ஃபியூரின் என்ற நொதி ஸ்பைக்கை வெட்டும் இடம் கழன்றுவிடக்கூடும். அதனால் வளர்த்த ஒவ்வொரு வைரஸ் இருப்பின் மரபணு வரிசையையும் மறுபடி பாருங்கள்.

எண் பத்து மடங்கு சரிந்தாலும் தடுப்பூசி வீண் என்று எழுதிவிடாதீர்கள். ஒற்றை ஆன்டிபாடி மருந்து ஓரிடத்தை மட்டுமே பிடிக்கிறது. தடுப்பூசி பல இடங்களுக்கு ஆன்டிபாடி உண்டாக்குவதோடு, இந்தச் சோதனையில் தெரியாத, தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்களையும் தூண்டுகிறது.